சீன உருண்டையும் மாலை நடுக்கமும்

அப்பா சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார், கூடவே நண்பர் குவாங்சோவிலிருந்து கொண்டுவந்த சியாவோகே வான் உருண்டைகளைத் தாகத்துக்காகச் சாப்பிடுகிறார், இப்போது சாயங்காலமானால் வியர்த்து நடுங்குகிறது என்கிறீர்கள். அந்த உருண்டையை இன்றே நிறுத்திவிட்டு, பெட்டியோடு டாக்டரைப் பாருங்கள்.

அது வெறும் மூலிகை இல்லைங்க. அஸ்ட்ரகாலஸ் வேர், மக்காச்சோளக் கதிரின் நார் எல்லாம் இருக்கிறது, சரி, ஆனால் ஒவ்வொரு உருண்டையிலும் 0.25 மில்லிகிராம் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்தைச் சேர்த்தே தயாரிக்கிறார்கள், இது கலப்படமும் இல்லை, அங்கே அனுமதி பெற்ற கலவையே அப்படித்தான். 10 உருண்டை விழுங்கினால் 2.5 மில்லிகிராம். கிளிமிபிரைடும் அதே சல்போனைல்யூரியா வகை, அதாவது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து, என்பதால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையை இறக்கும், வயதானவர், சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்றால் இன்னும் மோசம்.

நடுங்கும்போது உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம், அதனால் தனியாக விடாதீர்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரி.

அடுத்து பெர்பெரின் என்ற தாவரச் சத்து மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சிறிய ஆய்வுகளில் அது சர்க்கரையைக் குறைத்திருக்கிறது, அதனாலேயே இப்போது வேண்டாம்.