அண்ணா கொண்டு வாற பேப்பர்ல கையெழுத்து வைக்கலாமா?

திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அப்பா 2011ல மரண சாசனம் எழுதாமலே மோசம் போயிட்டார், அவர் வாங்கின 24 பேர்ச் உறுதிக்காணியும் வீடும் அவர் பேர்லயே கிடக்கு, அம்மா இருக்கிறா, பிள்ளையள் மூண்டு பேர். மூத்த அண்ணாதான் அந்த வீட்டுல இருந்து வரி கட்டுறார். "உனக்குச் சீதனம் தந்தாச்சு, பத்து வருசமும் தாண்டிட்டு, இனி உனக்கு ஒண்டும் இல்ல" எண்டு சொன்னவர் இப்ப ஒரு தரகரையும் கூட்டிக்கொண்டு பேப்பரோட வந்து நிக்கிறாராம்.

தங்கச்சி, உங்களுக்கு ஒண்டும் இல்லையெண்டா உங்கட கையெழுத்து அவருக்கு என்னத்துக்கு?

பங்கு இப்பிடித்தான். திருகோணமலைத் தமிழ் ஆக்களுக்குப் பொதுச்சட்டம், அதாவது 1876ம் ஆண்டு 15ம் இலக்கக் கட்டளைச் சட்டம். அரைவாசி அம்மாவுக்கு, மிச்சம் பிள்ளையளுக்குச் சரிசமன், ஆண் பெண் வித்தியாசம் இல்ல. அம்மாவுக்கு 12 பேர்ச், உங்க மூண்டு பேருக்கும் நாலு நாலு. தேசவழமை எண்டு ஆரும் வெருட்டினா அது வடமாகாணத் தமிழ் ஆக்கள்ர சட்டம் எண்டு சொல்லுங்க. அப்பா தந்த சீதனத்தைக் கணக்கில சேர்க்கச் சொல்லி அண்ணா கேக்கலாம், ஆனா அதைக் காட்டிப் பங்கே இல்ல எண்டு சொல்ல ஏலாது.

பத்து வருசம் ஆண்டா காணி சொந்தமாகிடும் எண்ட கதையும் அப்பிடித்தான். கூட்டுப் பங்காளி ஒருத்தர் வீட்டுல இருந்தா எல்லாற்ற பேர்லயும் இருக்கிறதாத்தான் சட்டம் பாக்கும், 1911லயே லண்டன்ல இருந்த அந்தக் காலத்து மேல்முறையீட்டு மன்று, பிரிவிக் கவுன்சில், தீர்த்த விசயம் இது, சும்மா இருந்ததும் வரி கட்டினதும் மற்றவையின்ர பங்கை விழுங்காது.

இப்ப அந்தப் பேப்பர். நான் கண்ட அநியாயம் முழுக்க இதுலதான் நடந்தது. "வரிக்குப் பேர் மாத்த", "பேங்க் லோனுக்கு" எண்டு சொல்லுவினம், வாசிச்சுப் பாத்தா உங்களுக்குப் பதிலா கையெழுத்து வைக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் குடுக்கிற அற்றோணித் தத்துவமா இருக்கும், இல்லாட்டி உங்கட பங்கை நன்கொடையா எழுதின உறுதியா இருக்கும். காணி கைமாறுறதுக்கு உறுதி எழுதுற நொத்தாரிஸும் ரெண்டு சாட்சியும் வேணும், அதனாலதான் உங்களைத் தேடி வாறாங்கள். வெறும் தாளில கையெழுத்து வைக்கவே வேணாம். தரகர் கூட்டிக்கொண்டு வாற நொத்தாரிஸ் வேணாம், உங்கட காசைக் குடுத்து உங்கட ஆளிட்டக் காட்டுங்க. அண்ணா தனக்கே முழுக்கச் சொந்தம் எண்டு வித்தாலும் அவற்ற நாலு பேர்ச்தான் போகும், ஆனா வாங்கினவனோட கோட்டுக்கு அலையப்போறது நீங்க.

அம்மாவையும் மறந்திராதீங்க. அவ தன்ர 12 பேர்ச்சை விரும்பின பிள்ளைக்கு எழுதலாம், அதை ஆரும் தடுக்க ஏலாது.

ஆனா ஒண்டு, இதெல்லாம் உறுதிக்காணிக்கு மட்டும்தான். கந்தளாய்ப் பக்கம் அப்பான்ர பேர்ல பெர்மிட் வயலும், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்துல குடுத்த வயலும், இருக்கு எண்டு எழுதியிருக்கிறீங்க, அதுக்கு 1935ம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அது உறுதிக்காணி மாதிரிப் பங்கு பிரியாது. அம்மா சீவிய காலத்துக்கு ஆளலாம், அவவுக்குப் பிறகு அப்பா பின்னுரித்தாளரா, அதாவது தனக்குப் பிறகு உரிமை பெற, ஆரைப் பதிஞ்சாரோ அவருக்குத்தான் போகும். பதியாட்டிச் சட்டத்துல இருக்கிற வரிசைப்படி ஒருத்தருக்குப் போகும், முந்தி ஆம்பிளப் பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தது, 2022 திருத்தத்தோட அது போயிட்டு. பெர்மிட் வயலை எனக்கு எழுதித் தாங்க எண்டு ஆரும் நொத்தாரிஸிட்டப் போனா, பிரதேச செயலாளர் எழுத்துல சம்மதம் தராட்டி அந்த எழுத்து செல்லாது. இது தெரியாமக் காசு குடுத்து ஏமாந்த எத்தனை குடும்பத்தை நான் கண்டிருக்கிறன். பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பேர் பதிஞ்சிருக்கா எண்டு பாருங்க. நாளைக்கு வா, ஐயா லீவு எண்டு திருப்பி அனுப்புவினம், எழுத்துல கேட்டு ஒரு பிரதி கையில வைச்சிருங்க. ஒரு கந்தோர்ல ஒரு விதவை ஒரே பைலுக்காக ஏழு தரம் ஏறி இறங்கினதை நான் பாத்தனான், சனத்தை இப்பிடி அலைய விடுறதாலதான் தரகருக்குப் பிழைப்பு நடக்குது.

அப்பான்ர உறுதி இடப்பெயர்வுல துலைஞ்சு போச்சு எண்டு யோசிக்கிறீங்க. பயப்பிட வேணாம், நொத்தாரிஸ் அனுப்பின இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துல இருக்கும், இலக்கத்தைக் குடுத்துப் பிரதி எடுக்கலாம்.

அண்ணா இணங்கினா சேர்வேயரைக் கூப்பிட்டுப் பிளான் கீறி எல்லாரும் கையெழுத்து வைச்சுப் பங்கீட்டு உறுதி எழுதுங்க, கட்டார்ல இருக்கிற தம்பியும் சேரவேணும். இணங்காட்டி 1977ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டத்துல மாவட்ட நீதிமன்றத்துல பங்கு வழக்குப் போடலாம், பங்காளி ஒருத்தரே போதும். ஆனா தகப்பன் போட்ட வழக்குக்கு மகன் தவணைக்கு வாறதை நான் கண்ணால கண்டனான். அதால முதல்ல அம்மாவை வைச்சு அண்ணாவோட இருந்து கதைச்சுப் பாருங்க, தரகர் இல்லாம.