டிசம்பர் மழையில் ஸ்டான்லி பார்க்: முதல்முறை போகிறவர்களுக்கு

கேள்வி: டிசம்பர் கடைசியில் கனடாவுக்கு, வான்கூவரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறோம். எனக்கு 58 வயது, கணவருக்கு 64, அவருக்கு முழங்கால் வலி உண்டு. மகளுக்கு வேலை நாள் என்பதால் ஸ்டான்லி பார்க்குக்கு நாங்கள் இருவர் மட்டும்தான் போக வேண்டும். அந்தச் சமயத்தில் எப்போதும் மழை, போய்ப் பிரயோஜனம் இல்லை என்கிறார்கள். உண்மையா? எப்படிப் போவது, என்ன உடுத்துவது? (திருநெல்வேலி வாசகி)

பதில்: கண்டிப்பாகப் போங்கள் அம்மா. மழை என்பது உண்மைதான், நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் அங்கே மழை அதிகம். ஆனால் நம் ஊர் ஐப்பசி மழைபோலக் கொட்டாது, பெரும்பாலும் நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும். பகலில் 6, 7 டிகிரி இருக்கும், பனி விழுவது சில நாள்தான். இந்தக் குளிர் ஈரத்தோடு சேர்ந்து வருவதால்தான் ஆளை வாட்டும், அதனால் நனையாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதலில் ஒன்றை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்: முழுச் சுற்று. பூங்காவைச் சுற்றிக் கடலோரமாக சீவால் என்ற கல்சுவர்ப் பாதை போகிறது. 1917-இல் கட்டத் தொடங்கி 1971-இல்தான் வளையத்தை முடித்தார்கள், கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். போகிறவர்கள் எல்லாரும் அதை முழுசாக நடக்கச் சொல்வார்கள். டிசம்பரில், முழங்கால் வலியோடு, அது வேண்டவே வேண்டாம். மேற்குப் பக்கம் திறந்த கடலைப் பார்த்து இருப்பதால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். 2022 ஜனவரியில் புயலும் உயரமான கடல்மட்டமும் ஒரே நாளில் சேர்ந்து, அலைகள் அந்தப் பக்கத்துக் கல்லையும் தார்ப்பாதையையும் பல இடங்களில் பெயர்த்துப் போட்டன. டிசம்பர், ஜனவரியில் கடல் ஏற்றம் வருடத்திலேயே மிக அதிகமாக இருக்கும், அதுவும் பகல் வேளையில்தான் வரும். (நீர் நன்றாக வற்றிப் பாறைகள் வெளியே தெரிவதெல்லாம் இந்த மாதங்களில் நடுராத்திரியில்.) அந்த நாட்களில் காற்றும் பலமாக இருந்தால் சீவாலின் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். தடுப்பு வைத்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள், அலை தூக்கி எறியும் மரக்கட்டைகள் ஆளை அடித்துப்போடும் அளவுக்குப் பெரியவை.

உங்களுக்கு ஏற்றது கிழக்குப் பக்கம், பிராக்டன் முனை. நகர மையத்திலிருந்து 19-ஆம் எண் பேருந்து பூங்காவுக்குள்ளேயே போய் நிற்கும். தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு இருந்தால் ஏறும்போது ஆளுக்கொரு அட்டையைத் தொட்டால் போதும். இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிட்டு வாருங்கள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி நிதானமாக நடந்தால் 20 நிமிடத்துக்குள் டோட்டம் கம்பங்கள், அதாவது பழங்குடி மக்கள் உருவங்கள் செதுக்கி நிறுத்தும் உயரமான மரத்தூண்கள். அங்கிருந்து பிராக்டன் கலங்கரை விளக்கம், அப்புறம் கடலோரமாகவே திரும்பி லம்பர்மென்ஸ் ஆர்ச் என்ற மர வளைவு, அதன் பக்கத்தில் மீன் காட்சியகம், மறுபடி பேருந்து நிறுத்தம். எல்லாம் சேர்த்து 3 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். கடலோரப் பாதை சமதளம், வழியில் உட்கார பெஞ்சுகள் உண்டு. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை, கோட்டைத் தாண்டாமல் நடப்பவர்கள் பக்கமே இருங்கள்.

டோட்டம் கம்பங்கள் முன்னால் படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள், நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கம்பங்களில் பெரும்பாலானவை வடக்குக் கடற்கரை மக்களுடைய மரபில் செதுக்கியவை. ஆனால் இந்த மண் மஸ்க்வியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாடூத் என்ற பழங்குடி மக்களுடையது, பூங்கா 1888-இல் திறக்கப்பட்டபோதும் அவர்களில் பலர் இங்கேயே குடியிருந்தார்கள். பக்கத்திலேயே நிற்கும் மூன்று மரவாயில்கள் மஸ்க்வியம் கலைஞர் சூசன் பாயின்ட் செய்தவை, 2008-இல் வைத்தார்கள். இந்த மண்ணின் மக்களுடைய கைவேலை என்பதால் அவற்றைத் தவறவிடாதீர்கள். லம்பர்மென்ஸ் ஆர்ச் இருக்கும் புல்வெளி அவர்களுடைய பெரிய ஊராக இருந்த இடம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் தின்றுபோட்ட சிப்பி ஓடுகள் அங்கே மேடாகக் குவிந்து கிடந்தன, பூங்காவுக்கு முதல் சாலை போட்டபோது அந்த ஓடுகளைத்தான் வெட்டியெடுத்துப் பரப்பினார்கள். அது தெரிந்து நடந்தால் அந்தப் புல்வெளியை வெறும் பிக்னிக் இடமாகப் பார்க்க முடியாது.

குளிர்காலத்தில் போவதால் கிடைக்கும் பெரிய லாபம் பறவைகள். கோடையில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. உள்நாட்டு ஏரிகளிலும் வடக்கிலும் முட்டையிடும் கடல் வாத்துகள், அங்கே நீர் உறைந்ததும் இந்தக் கரைக்கு வந்துவிடும். நம் வேடந்தாங்கல் நிறையும் அதே மாதங்கள்தான். சர்ஃப் ஸ்கோட்டர் என்று ஒரு கருப்பு வாத்து, ஆணுக்குப் பிடரியில் வெள்ளைத் திட்டும் ஆரஞ்சும் வெள்ளையுமான தடித்த அலகும் இருக்கும். கூட்டமாக மிதக்கும், திடீரென்று ஒன்று முங்கும், அடுத்தது, அடுத்தது என்று வரிசையாக முழுக் கூட்டமும் காணாமல் போய், கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக மேலே வரும். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பிடுங்கி ஓட்டோடு விழுங்கிவிடும். பாரோஸ் கோல்டன்ஐ என்னும் இன்னொரு வாத்து பறக்கும்போது இறக்கையிலிருந்து விசில் சத்தம் வரும், தலைக்குமேல் போனால் நன்றாகக் கேட்கலாம். மகளிடம் பைனாகுலர் இருந்தால் வாங்கி வாருங்கள். தூறலில் மலை தெரியாமல் போகலாம், ஆனால் இந்த வாத்துகள் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

நேரம் ரொம்ப முக்கியம். டிசம்பர் கடைசியில் அங்கே காலை 8 மணிக்குத்தான் விடியும், மாலை 4.15-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மேகமூட்டமான நாளில் மரத்தடியில் மூன்றரைக்கே இருட்டும். 10.30 வாக்கில் போய் 2 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

உடை: பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயவே காயாது. உள்ளே தெர்மல் உள்ளாடை, நடுவில் ஃபிலீஸ் அல்லது கம்பளி, வெளியே தலைமூடி வைத்த மழைக்கோட்டு, இந்த மூன்றும் போதும். புடவைதான் கட்டுவேன் என்றால் தாராளமாகக் கட்டுங்கள், அடியில் தெர்மல் லெக்கிங்ஸ், புடவையைக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் மழைக்கோட்டு. கொசுவம் ஒருமுறை தரையைத் தொட்டு ஈரத்தை உறிஞ்சிவிட்டால் நடக்க நடக்கக் காலில் ஒட்டிக் குளிர் ஏறும். செருப்பு வேண்டாம், தண்ணீர் புகாத ஷூவும் கம்பளிக் காலுறையும், பையில் இன்னொரு ஜோடி காலுறையும். குடை நகருக்குள் சரி, கடலோரத்தில் காற்று அதைத் திருப்பிவிடும். கணவருக்கு முழங்கால் பட்டியும் ஊன்றுகோலும் இருக்கட்டும், காலையில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் என்றால் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருக்கும், அப்படிப்பட்ட நாளில் கிளம்பாமல் இருப்பதே நல்லது. கடலோரத் தின்பண்டக் கடைகள் பெரும்பாலும் கோடைக்கானவை, ஃபிளாஸ்கில் டீயும் கொறிக்க ஏதாவதும் எடுத்துப் போங்கள்.

காட்டுப்பாதைகள் அழகு, பெரிய செடார் மரங்களுக்கு அடியில் தூறல்கூடச் சரியாக இறங்காது. ஆனால் காற்று பலமாக இருக்கும் நாளில் உள்ளே போகவே கூடாது. 2006 டிசம்பர் புயலில் இங்கே சுமார் 10,000 மரங்கள் விழுந்தன, மழையில் ஊறிய மண்ணில் வேர் பிடிப்பதில்லை. போதாததற்கு லூப்பர் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் இலையைத் தின்று ஏராளமான மரங்கள் பட்டுப்போய், 2023-லிருந்து வெட்டி அகற்றும் வேலை நடந்திருக்கிறது. பாதை மூடல் ஏதும் உண்டா என்று நகராட்சி இணையதளத்தில் காலையில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

எந்த விலங்குக்கும் தீனி போடாதீர்கள், அணிலுக்குக்கூட. சட்டப்படித் தடை, காரணமும் இருக்கிறது: 2020 கடைசியிலிருந்து 2021 கோடை வரை கயோட்டி என்ற ஓநாய்போன்ற விலங்குகள் இந்தப் பூங்காவில் 45 பேரைத் தாக்கின, மனிதர்கள் தீனி போட்டுப் பழக்கியதும் அதற்கு ஒரு காரணம். எதிரே வந்தால் ஓடாதீர்கள், கையை உயர்த்திச் சத்தம் போட்டு, அதைப் பார்த்தபடியே பின்னால் நகருங்கள்.

கணவருக்குக் கால் ஒத்துழைத்தால், திரும்பும்போது கோல் ஹார்பர் கரையில் இருக்கும் கோமகாட்டா மாரு என்ற கப்பலின் நினைவிடத்தையும் பாருங்கள். 1914-இல் அதில் வந்த நம் நாட்டவர் 376 பேரை, பெரும்பாலும் பஞ்சாபியரை, இரண்டு மாதம் கப்பலிலேயே நிறுத்திவைத்து, மிகச் சிலரைத் தவிர எல்லாரையும் திருப்பியனுப்பியது இந்தத் துறைமுகத்தில்தான்.

தேதியை மட்டும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். மகளிடம் சொல்லி இரண்டு மூன்று நாளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, முந்தைய இரவு வானிலை அறிக்கையில் மழையைவிடக் காற்றின் வேகத்தைப் பார்த்து, காற்று குறைவாக இருக்கும் நாளில் கிளம்புங்கள்.