கைமாத்து கேட்கும் முன் ஒரு மனு

(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணமுடைதான். படிக்கிற பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள், கல்லூரி, பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

காரைக்குடியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் அப்பா பைக்கில் வரும்போது ஏதோ ஒரு வண்டி மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது, அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு நூறு நாள் வேலைதான் வருமானம். செமஸ்டர் கட்டணமும் விடுதி பாக்கியும் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்கிறார்கள். நண்பன் ஒரு லோன் ஆப்பைக் காட்டுகிறான். எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், தேவகோட்டை

வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த ஆப்களில் பல, ஐயாயிரம் என்று போட்டுக்கொண்டு பிராசஸிங் கட்டணம் அது இது என்று பிடித்தது போக மிச்சத்தைத்தான் தரும், ஒரே வாரத்தில் முழு ஐயாயிரத்தையும் கேட்கும், தராவிட்டால் உங்கள் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பும். எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் கடன் தருகிறது என்பதை ஆப் தெளிவாகக் காட்ட வேண்டும், போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. காண்டாக்ட்ஸுக்கு அனுமதி கேட்டாலே அந்த ஆப்பை அழித்துவிடலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.

முதல் வேலை ஹால் டிக்கெட். கல்லூரி முதல்வருக்கு இன்றைக்கே ஒரு மனு எழுதுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்ட முடியும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இறப்புச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். நகலை இணைத்துவிடுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்பதோடு போய்விடும், அதனால் அலுவலகத்தில் கொடுத்து உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர் நல நிதியோ முன்னாள் மாணவர் சங்க நிதியோ இருக்கிறதா என்று வகுப்பு ஆசிரியரையும் கேளுங்கள். பல கல்லூரிகளில் இருக்கிறது, ஆனால் நோட்டீஸ் போர்டில் போட மாட்டார்கள், கேட்டவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அப்பாவின் வங்கி பாஸ்புக்கை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். மே மாதக் கடைசியை ஒட்டி 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருக்கிறதா? 20 என்றால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு, 436 என்றால் ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு லட்சம் வரும். வங்கி உங்களைத் தேடி வந்து சொல்லாது, நாமினி போய்க் கேட்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிப்போங்கள்.

மோதிய வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியாத விபத்து என்றால், மத்திய அரசின் 2022 திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் இழப்பீடு உண்டு. இதற்கான மனுவுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ விசாரியுங்கள். வண்டி பிடிபட்டுவிட்டால் வழி வேறு, வாகன விபத்துத் தீர்ப்பாயம். ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுவிடுவது நல்லது.

வருமானச் சான்றிதழையும் புதிதாக எடுங்கள். கையில் இருப்பது அப்பா சம்பாதித்த காலத்துச் சான்று, இனி எந்த உதவிக்குப் போனாலும் இன்றைய வருமானத்தைத்தான் கேட்பார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று பாருங்கள். சம்பாதிக்கிற பெற்றோர் விபத்தில் இறந்தால் அரசு 75,000 ரூபாய் தரும் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பள்ளி மாணவர்களுக்கு. தம்பி தங்கை அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் தலைமையாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் வர நாளாகும், கட்டணத் தேதி அதுவரை நிற்காது. அவசரத்துக்கு நகையை வைத்தே ஆகவேண்டும் என்றால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள், அடகுக் கடைக்குப் போகாதீர்கள்.

பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த முறையில் டேட்டா என்ட்ரி வேலை. அம்மாவுக்கு அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். நிரந்தர ஊழியர்களுக்கு சொசைட்டிக் கடன் இருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் கிடையாது என்கிறார்கள்.
– ஒரு வாசகி, கோட்டையூர்

ஒன்றும் கிடையாது என்று சொன்னவர் உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார். அதில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் (மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு), உங்களைச் சார்ந்திருக்கிற அம்மாவுக்கும் சேர்த்துத்தான் மருத்துவ வசதி. பி.எஃப். பிடித்தம் இருந்தால் பெற்றோர் சிகிச்சைக்கு உங்கள் கணக்கிலிருந்தே முன்பணம் எடுக்கலாம். படிவம் 31, ஆன்லைனிலேயே போடலாம். அது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் இது இடறுகிற இடம் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், பி.எஃப். கணக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும், அதை முதலில் சரிபண்ணுங்கள். ஒப்பந்தக்காரர் பிடித்த பணத்தைக் கட்டியிருக்கிறாரா என்பதையும் உமாங் ஆப்பில் பார்த்துவிடுங்கள்; சீட்டில் பிடித்தம் இருந்து கணக்கில் பணம் இல்லை என்றால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. அட்டை இல்லாவிட்டாலும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசிவிடுங்கள். பில் போட்ட பிறகு போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மகளுக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முதலில் சேர்ந்த கல்லூரி பணமும் தராது, அசல் சான்றிதழும் தராது என்கிறது. புதுக் கல்லூரிக்குக் கட்ட வழியில்லாமல் நிற்கிறோம்.
– ஒரு தகப்பனார், புதுவயல்

சான்றிதழைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையே கிடையாது. பணத்துக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் முழுப் பணம் (5 சதவீதத்துக்குள், அதிகபட்சம் 5,000 பிடிக்கலாம்), அதற்குப் பிறகு ஆனால் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், தேதி கடந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அப்புறம் ஒன்றும் இல்லை. ஆகவே விலகல் கடிதத்தை உடனே கொடுங்கள், தேதிதான் இங்கே காசு. அசையவில்லை என்றால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள்.

எங்கள் அப்பச்சி நினைவாக உள்ளூர்க் கல்லூரிக்கு இரண்டு லட்சம் கொடுக்க நினைக்கிறோம். முதல் மதிப்பெண் எடுப்பவருக்குப் பரிசு வைக்கலாமா?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

தாராளமாக வைக்கலாம் ஆச்சி, ஆனால் முதல் மதிப்பெண்காரருக்கு எப்படியும் நாலு பரிசு வரும். மேலே உள்ள தேவகோட்டைப் பையனுக்குத்தான் ஒன்றும் வராது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த ஊர் இது, அந்த அளவுக்கு நம்மால் ஆகாது, சரி. இரண்டு லட்சத்தை டெபாசிட்டில் போட்டால் வருடத்துக்கு வருவது பதின்மூன்று, பதினாலாயிரம். வட்டிக் கணக்கு ஆச்சிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பதில் அவசர நிதியாகக் கொடுங்கள். திடீர்ச் சாவு, ஆஸ்பத்திரி, வீட்டில் தீ என்று வருகிறவர்களுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் என்று போகட்டும், முடிந்தவர்கள் பின்னால் திருப்பித் தரட்டும். துப்புரவுப் பணியாளர்களுக்கும் விடுதிச் சமையல்காரர்களுக்கும் உண்டு என்று எழுத்தில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மாணவர்களோடு நிறுத்திவிடுவார்கள். மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும், மேடை, பொன்னாடை, போட்டோ எதுவும் கூடாது என்பதையும் நிபந்தனையாகச் சேருங்கள்.

காசோலையாகவே கொடுங்கள். 80ஜி என்ற நன்கொடை வரிச்சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செல்லாது, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எத்தனை பேருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை வாங்கிப் பாருங்கள், வாங்கியவர்கள் பெயரை மட்டும் கேட்க வேண்டாம்.