2.5 வந்த இடத்தில் 3,200 வர வேண்டும்

கேள்வி: 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான், பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி ஃபோட்டானில் மோதினால் ஃபோட்டானுக்கு எவ்வளவு ஆற்றல் சேரும்? எனக்கு 2.5 எலக்ட்ரான்வோல்ட் வருகிறது. விடைக்குறிப்பில் 3.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட்.
— எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் பெருக்கல் சரிங்க. பாதி வழியில் நின்றுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அவிநாசி ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ்ஸின் முகப்பில், எதிரே இருந்து 20 கி.மீ. வேகத்தில் ஒரு ரப்பர் பந்து மோதுகிறது. பஸ்ஸில் இருப்பவருக்குப் பந்து 80-ல் வந்து 80-லேயே திரும்புகிறது. ரோட்டோரம் நிற்பவருக்கோ அது 140. பஸ்ஸின் வேகம் இரண்டு தடவை சேர்ந்துவிட்டது. எலக்ட்ரானில் இதுவே கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக நடக்கிறது.

எலக்ட்ரானின் 1000 மெகாவை அதன் நிறை ஆற்றலான 0.511 மெகாவால் வகுத்தால் காமா, அதாவது நிறை ஆற்றலைப் போல எத்தனை மடங்கு என்ற எண், 1957. பெருவெடிப்பில் மிஞ்சிய ஒளியான பின்னணி ஃபோட்டானின் சராசரி ஆற்றல் 0.00063 எலக்ட்ரான்வோல்ட். நேருக்கு நேர் வந்தால் எலக்ட்ரானின் கண்ணுக்கு அது 2 காமா மடங்கு, அதாவது உங்கள் 2.5. எலக்ட்ரானின் நிறை ஆற்றலான 5,11,000-க்கு முன் இது தூசு. பின்னுதைப்பு இல்லாத மாதிரிதான், ஆற்றல் மாறாமல் சிதறும். பிறகு நம் சட்டகத்துக்கு, அதாவது ரோட்டோரம் நிற்பவரின் பார்வைக்கு, திரும்பும்போது இன்னொரு 2 காமா: 9.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட். இது உச்சம். எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஃபோட்டான்களுக்குச் சராசரி பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது முதல் ஆற்றலைப் போல 4/3 காமா வர்க்கம் மடங்கு. குறிப்பில் இருப்பது அதுதான். பலர் உச்சத்தையே சராசரி என்று எழுதி மூன்று மடங்கு தப்புவார்கள்.

ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 327 மெகாஹெர்ட்ஸில் பார்க்கும் ரேடியோ கேலக்ஸிகளின் அலைகளும், காந்தப்புலத்தில் சுழலும் இதே மாதிரி எலக்ட்ரான்கள் விடுபவையே. அவை பின்னணி ஃபோட்டான்களையும் இப்படி எக்ஸ்-கதிர் ஆற்றலுக்கு ஏற்றிவிடும். அதனால்தான் அந்தக் கேலக்ஸிகளில் சில எக்ஸ்-கதிரிலும் தெரிகின்றன.

இந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 1 டெரா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான், 1 எலக்ட்ரான்வோல்ட் நட்சத்திர ஒளி என்று வைத்தால் உச்சம் 15 டெரா என்று வரும். எலக்ட்ரானிடம் இருப்பதே 1 டெராதானே! இங்கே காமாவையும் ஃபோட்டான் ஆற்றலையும் பெருக்கினால் சுமார் 20 லட்சம், 5,11,000-ஐத் தாண்டிவிட்டது. பின்னுதைப்பை விட முடியாது, அதையும் சேர்த்துப் பார்க்கும் க்ளைன்–நிஷினா கணக்குக்குப் போக வேண்டும். 4 × காமா × ஃபோட்டான் ஆற்றல் ÷ 5,11,000 என்பதை முதலில் போடுங்கள், இங்கே 15.3. அதை 16.3-ஆல் வகுத்து எலக்ட்ரான் ஆற்றலால் பெருக்கினால் உண்மையான உச்சம்: 0.94 டெரா.