கச்சேரிப் பதிவில் கம்ப்ரஸர்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மேடைக் கச்சேரிகளைப் பதிவு செய்து மிக்ஸ் செய்வதுதான் பல வருடங்களாக என் வேலை. வாத்தியங்களைச் சமப்படுத்தக் கம்ப்ரஸரை எப்படிப் பயன்படுத்துவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: சார், பன்னிரண்டு ட்ராக் கச்சேரிப் பதிவு ஒன்று கையில் இருக்கிறது. ஒரு பாட்டில் குரல் அமுங்கிப் போகிறது, அடுத்ததில் கீபோர்ட் தூக்கலாக நிற்கிறது. எல்லா ட்ராக்கிலும் கம்ப்ரஸர் போட்டும் பேலன்ஸ் வரவில்லை. எங்கே தப்பு?

முதலில் எல்லாக் கம்ப்ரஸரையும் அணைத்துவிடுங்கள். கம்ப்ரஸர் பார்ப்பது ஒரே ஒரு ட்ராக்கை, அதாவது தனியாகப் பதிவான ஒரு குரலையோ வாத்தியத்தையோ. அந்த ட்ராக்கில் சத்தமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து ட்ராக்கில் குரல் இருக்கிறதா, கீபோர்ட் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வாத்தியங்களுக்கு இடையிலான பேலன்ஸ், ஒவ்வொரு ட்ராக்கின் அளவையும் ஏற்றி இறக்கும் ஃபேடரின் வேலை.

ஃபேடர்களை மட்டும் வைத்து ஒரு பாட்டை முழுக்கக் கேளுங்கள். குரலுக்கு ஓர் இடம் பிடித்து ஃபேடரை வைத்தபிறகும், சில வார்த்தைகள் உள்ளே போகின்றன, சில வார்த்தைகள் முகத்தில் அடிக்கின்றன என்றால், அந்த ட்ராக்குக்குத்தான் கம்ப்ரஸர் தேவை. ஃபேடர் ஒரே இடத்தில் நின்றாலே சரியாக இருக்கிற ட்ராக்கை அப்படியே விடுங்கள். பன்னிரண்டு ட்ராக்கில் நாலைந்துக்குத்தான் உண்மையில் தேவைப்படும். பாட்டுக்குப் பாட்டு அளவு மாறினால், பாட்டின் தொடக்கத்திலேயே ட்ராக்கின் அளவைக் கையால் திருத்துங்கள். ஐந்து டெசிபெல் வித்தியாசத்தைக் கம்ப்ரஸர் தலையில் கட்டினால், ஒரு பாட்டில் அது சும்மா இருக்கும், அடுத்த பாட்டில் குரல்வளையைப் பிடிக்கும்.

கேள்வி: நான் புதிது அண்ணா. த்ரெஷோல்ட், ரேஷியோ இரண்டும் எண்ணில் எப்படி வேலை செய்கின்றன?

த்ரெஷோல்ட் என்பது கம்ப்ரஸர் வேலையைத் தொடங்கும் எல்லை. ரேஷியோ என்பது அந்த எல்லையைத் தாண்டிய சத்தம் எத்தனையில் ஒரு பங்காகும் என்பது. பதிவில் 0 டெசிபெல்தான் உச்சம்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் குறைவு. த்ரெஷோல்ட் மைனஸ் 20 டெசிபெல், ரேஷியோ 4:1 என்று வையுங்கள். ஒரு சத்தம் மைனஸ் 8-ல் வருகிறது. எல்லையை 12 டெசிபெல் தாண்டிவிட்டது. அந்த 12, நாலில் ஒரு பங்காகி 3 ஆகும். வெளியே வருவது மைனஸ் 17. ஆக, 9 டெசிபெல் குறைந்திருக்கிறது; கெயின் ரிடக்ஷன் மீட்டர் காட்டுவது இந்த 9-ஐத்தான். மைனஸ் 25-ல் வரும் மெல்லிய சத்தத்தைக் கம்ப்ரஸர் தொடாது. அப்புறம் குறைந்ததை ஈடுகட்ட மேக்கப் கெயின் கொடுத்து மொத்த ட்ராக்கையும் தூக்கும்போது அந்த மெல்லிய சத்தமும் சேர்ந்து மேலே வரும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வியே அதைப் பற்றியதுதான்.

கேள்வி: குரலைக் கம்ப்ரஸ் செய்தால் சிம்பல் சத்தம் கூடுகிறது. ட்ரம்ஸ் ட்ராக்கை நான் தொடவே இல்லை. எப்படி?

ஸ்டுடியோப் பதிவுக்கும் மேடைப் பதிவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். மேடையில் ஒவ்வொரு மைக்கும் எல்லாவற்றையும் கேட்கிறது. பாடகருக்குப் பின்னால் ட்ரம்ஸ் இருந்தால், குரல் மைக் ஒரு சுமாரான ட்ரம்ஸ் மைக்கும்கூட.

கணக்காகப் பாருங்கள். குரல் மைனஸ் 10-ல், அதே மைக்கில் கசியும் சிம்பல் மைனஸ் 25-ல். இடைவெளி 15 டெசிபெல். குரலை 8 டெசிபெல் அமுக்கி, மேக்கப்பில் 8 டெசிபெல் தூக்குகிறீர்கள். குரல் பழையபடி மைனஸ் 10-லேயே நிற்கிறது. பாடகர் மூச்சு விடும் நேரத்தில் கம்ப்ரஸர் கையை எடுத்துவிடும். அப்போது சிம்பல் மைனஸ் 17-க்கு வந்துவிடும். 15 ஆக இருந்த இடைவெளி 7 ஆகிவிட்டது.

சத்தம் கூடுவதோடு போவதில்லை. ஒலி செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகிறது. ட்ரம்ஸ் மூன்று மீட்டர் பின்னால் இருந்தால், குரல் மைக்கில் அது கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் தாமதமாக விழும். அந்தத் தாமதமான ட்ரம்ஸ், ட்ரம்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்த மைக்கில் பதிந்த ட்ரம்ஸோடு கலந்தால் ஸ்னேர் மங்கும், சிம்பல் கரகரக்கும். ஆரம்ப நாட்களில் ஒரு பதிவில் குரலை 12 டெசிபெல் வரை அமுக்கிவிட்டு, ட்ரம்ஸ் ஏன் தகரம் மாதிரி கேட்கிறது என்று இரண்டு நாள் ட்ரம்ஸ் ட்ராக்குகளில் தேடினேன். கோளாறு குரல் ட்ராக்கில் இருந்தது.

இப்போது நான் செய்வது இது. முதலில் குரலின் அளவைச் சொற்றொடர் சொற்றொடராகக் கையால் சரி செய்வேன். கத்திய இடம் இறங்கும், முணுமுணுத்த இடம் ஏறும். பாடாத இடங்களில் ட்ராக்கை 6 முதல் 8 டெசிபெல் இறக்குவேன். முழுசாக மூட மாட்டேன். மூடினால் கசிவு திடீரென்று போய்த் திடீரென்று வரும், அது காதை உறுத்தும். இவ்வளவும் ஆனபிறகு கம்ப்ரஸருக்கு மிஞ்சுவது மூன்று, நான்கு டெசிபெல் வேலைதான். ரேஷியோ 2:1 அல்லது 3:1 போதும். கடைசியாக, குரல் ட்ராக் திறந்திருக்கும்போதே ட்ரம்ஸின் ஓவர்ஹெட் (ட்ரம்ஸுக்கு மேலே வைக்கும் மைக்குகள்) அளவை வைப்பேன். சிம்பலில் ஒரு பங்கு குரல் மைக் வழியாக ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. ஓவர்ஹெட்டைத் தனியாகக் கேட்டு அளவு வைத்தால் அது இரட்டிப்பாகிவிடும்.

பொறுமை வேண்டும். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் இதற்கே போகும். போகட்டும்.

கேள்வி: பேஸ் கிட்டாரில் ரிலீஸை வேகமாக வைத்தால் கரகரப்பு வருகிறது. கம்ப்ரஸர் மென்பொருளில் (பிளக்-இன்) கோளாறா?

கோளாறு இல்லை. ரிலீஸ் என்பது அமுக்கியதை விட்டுவிடக் கம்ப்ரஸர் எடுக்கும் நேரம். நான்கு தந்தி பேஸின் அடி ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அலை முடிய 24 மில்லிசெகண்ட் ஆகும். ரிலீஸை 10 மில்லிசெகண்டில் வைத்தால், ஒரே அலைக்குள்ளேயே கம்ப்ரஸர் அமுக்கி, விடுவித்து, மறுபடி அமுக்குகிறது. அலையின் வடிவமே மாறிவிடுகிறது. நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான். 100 மில்லிசெகண்டுக்கு மேலே கொண்டுபோய், அடுத்த ஸ்வரம் வருவதற்குள் மீட்டர் முள் ஏறக்குறையத் திரும்பிவிடும்படி வையுங்கள். பாட்டின் வேகம் மாறினால் இதுவும் மாறும். பேஸுக்கு மட்டும் நான் 4:1, ஐந்தாறு டெசிபெல் வரை துணிந்து போவேன். மைக் இல்லாமல் நேரடியாக லைனில் எடுத்த பேஸ் ட்ராக்கில் கசிவே இருக்காது. அதனால் பயமும் இல்லை.

கேள்வி: ஸ்னேர் அடியில் உயிரே இல்லை. அட்டாக் 1 மில்லிசெகண்ட், ரேஷியோ 6:1.

அட்டாக் என்பது சத்தம் எல்லையைத் தாண்டியதும் அமுக்கக் கம்ப்ரஸர் எடுக்கும் நேரம். 1 மில்லிசெகண்டில் அடியின் முனையைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அட்டாக்கை 10 முதல் 20 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோங்கள். குச்சி படும் சத்தம் தப்பி வெளியே வரும், பின்னால் வரும் வால்தான் அமுங்கும். மேக்கப் கெயினில் கவனம், ஹை-ஹேட்டும் கூடவே ஏறும்.

கேள்வி: மிக்ஸரிலிருந்து எடுத்த ஸ்டீரியோப் பதிவு மட்டும்தான் இருக்கிறது. குரல் மிகவும் முன்னால், எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கவே இல்லை. மல்டிபேண்ட் கம்ப்ரஸரால் பிரிக்க முடியுமா?

பிரிக்க முடியாது. மல்டிபேண்ட் என்பது ஒலியைத் தாழ்ந்த, நடு, உயர்ந்த அலைவரிசைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியாக அமுக்குவது. அதற்கு அலைவரிசைகள்தான் தெரியும், வாத்தியங்கள் தெரியாது. கிட்டாரும் குரலும் ஒரே நடுப்பகுதியில்தான் வசிக்கின்றன.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால் வழியும் தெரியும். சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்பின் சத்தம் மேடையிலிருந்தே பார்வையாளர்களுக்குப் போதுமானதாக இருக்கும். அதனால் ஒலிப் பொறுப்பாளர் ஸ்பீக்கரில் கிட்டாரைக் குறைவாகவே விட்டிருப்பார். அரங்கில் உட்கார்ந்தவருக்கு பேலன்ஸ் சரி. மிக்ஸர் பதிவில் அந்த மேடைச் சத்தம் இல்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்.

அதே கச்சேரியை யாராவது அரங்கிலிருந்து ரெகார்டரிலோ கேமராவிலோ பிடித்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அது பொக்கிஷம். இரண்டையும் ஒரே நேரக்கோட்டில் பொருத்துங்கள். அவர் 17 மீட்டர் தள்ளி இருந்திருந்தால் 50 மில்லிசெகண்ட் தாமதம் இருக்கும், அதை முன்னால் இழுக்க வேண்டும். பிறகு அரங்கப் பதிவை மெதுவாக ஏற்றுங்கள். கிட்டாரும் ட்ரம்ஸின் உடம்பும் அதிலிருந்து வந்து சேரும்.

கிடைக்காவிட்டால் குரல் வரும் இடங்களில் மொத்த அளவைக் கையால் ஓரிரு டெசிபெல் இறக்கி, வாத்தியப் பகுதிகளில் ஏற்றுங்கள். அதன்மேல் 1.5:1 ரேஷியோவில் இரண்டு டெசிபெல் கம்ப்ரஷன். கம்ப்ரஸரின் சைட்செயினில், அதாவது எப்போது அமுக்குவது என்று அது கேட்டு முடிவு செய்யும் ஒலியில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை கிக் ட்ரம் விழும்போதும் பாட்டே குனிந்து எழும். குரலைப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினால் செயற்கையாகக் கேட்கும். குரலை மூன்று டெசிபெல் இறக்குவதற்கு மட்டும் பயன்படுத்தினால் நன்றாகவே உதவும்.

கேள்வி: 1176, எல்ஏ-2ஏ இரண்டின் பிளக்-இன்களும் இருக்கின்றன. எதை எதற்குப் போடுவது சார்?

இரண்டும் பழைய கம்ப்ரஸர் கருவிகள்; பிளக்-இன்கள் அவற்றின் மென்பொருள் நகல்கள். 1176 வேகமானது. 1967-ல் வந்தது, அட்டாக் 20 மைக்ரோசெகண்ட் வரை போகும். அதில் அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். பெரும்பாலான மற்றக் கருவிகளுக்கு நேர்மாறு. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எல்ஏ-2ஏ ஒளியால் இயங்குவது, நிதானமானது. அமுக்கியதில் பாதியைச் சுமார் 60 மில்லிசெகண்டில் விடும், மீதியை மெல்ல மெல்ல விடும். குதிக்கும் முனைகளை 1176-ல் இரண்டு டெசிபெல், பிறகு எல்ஏ-2ஏ-யில் இரண்டு டெசிபெல் என்று குரலுக்குத் தொடராகப் போடலாம். ஒரே கருவியில் நான்கு டெசிபெல் அமுக்குவதைவிட இது இயல்பாக இருக்கும். கசிவு அதிகமான ட்ராக்கில் எல்ஏ-2ஏ மட்டும் போதும், ஏனென்றால் மெதுவாக விடுவதால் இடைவெளிகளில் சிம்பல் பாய்ந்து வருவது குறையும்.

கேள்வி: அதிகமாகப் போட்டுவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்ப்ரஸர் இருக்கும்போதும் அணைத்தபோதும் கேட்கும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி மேக்கப் கெயினை வையுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிடாதீர்கள்; ஒரு டெசிபெல் கூடினாலும் காது அதைத்தான் "நல்லது" என்று சொல்லும். அளவைச் சமமாக்கி, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். பாடகர் உணர்ச்சியோடு குரலை உயர்த்தும் இடம் இன்னும் உயர்ந்து கேட்கிறதா? அது தட்டையாகிவிட்டால் த்ரெஷோல்டை மேலே ஏற்றுங்கள். நேரில் வந்தவர்கள் கைதட்டியது அந்த இடத்துக்குத்தான்.

கேள்வி: பதிவிலேயே சத்தம் உடைந்திருக்கிறது. கம்ப்ரஸர் சரி செய்யுமா?

செய்யாது. உடைந்த அலையை அது இன்னும் தெளிவாகக் காட்டும். உடைந்த முனைகளைச் சீராக்கும் டீ-கிளிப் கருவி முதலில், கம்ப்ரஸர் பிறகு. அடுத்த கச்சேரியில் 24 பிட்டில், சராசரி அளவு மைனஸ் 18 டெசிபெல் அருகே இருக்கும்படி பதியுங்கள். ஒலிச்சோதனையில் பாடியதைவிட மேடையில் எல்லோரும் சத்தமாகவே பாடுவார்கள், வாசிப்பார்கள். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.