தேவகோட்டையில் ஃபைபர் அறுந்தால் பில்லிங் 4ஜி-க்கு மாறவில்லை: பதில்

தேவகோட்டைக் கடையில் ஃபைபர் அறுந்தால் பில்லிங் 4ஜி-க்கு மாறாமல் நிற்கிறது, கடைக்கு ஒரு ஏரியா (ரூட்டர்களைப் பிரிக்கும் குழு) வைப்பதா, பிஜிபிக்கு (வெவ்வேறு நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை) போவதா என்று கேட்டிருந்தீர்கள். நாலு கடைக்கு நாலு ஏரியாவும் வேண்டாம், பிஜிபியும் வேண்டாம். காரைக்குடித் தலைமைக் கடை, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் எல்லாமே ஓஎஸ்பிஎஃப்பில் (ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி நல்ல வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஏரியா 0-வில் இருக்கட்டும். ஃபைபர் டனலுக்கு (இணையத்தின் மேல் கடைகளை இணைக்கும் தனி வழி) காஸ்ட் 10, 4ஜி டனலுக்கு 100, அவ்வளவு போதும்; காஸ்ட் குறைந்த வழியைத்தான் ஓஎஸ்பிஎஃப் எடுக்கும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் இன்னொருவர் பார்த்தாலும் புரிய வேண்டும். சொந்த ஐபி முகவரி வாங்கி இரண்டு ஐஎஸ்பியிலும் அறிவிக்கும்போது பிஜிபியை யோசிக்கலாம்.

ஆனால் பில்லிங் நிற்பதற்குக் காரணம் ஓஎஸ்பிஎஃப் இல்லை, பழைய ஸ்டேட்டிக் ரூட் (கையால் எழுதிவைத்த நிலையான வழி) ஒன்று உள்ளே கிடக்கிறது என்றே நினைக்கிறேன். மைக்ரோடிக் ரூட்டரில் ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் டிஸ்டன்ஸ் என்ற எண்ணை ஒப்பிடும்: ஸ்டேட்டிக்குக்கு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. குறைந்த எண்தான் ஜெயிக்கும். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் கடைக்குள் ஓஎன்டி பெட்டிக்கு (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) கரண்ட் வருகிறதே, ஈதர்நெட் போர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். லைன் நன்றாக இருப்பதாகவே ரூட்டர் நினைக்கும்.

கடை மூடியதும் ஓஎன்டியின் ஃபைபர் முனையை மட்டும் கழற்றுங்கள். ஈதர்நெட் ஒயரைப் பிடுங்கினால் போர்ட்டே அணைந்து 4ஜி-க்கு மாறிவிடும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஓஎஸ்பிஎஃப் வழக்கமான அமைப்பில் 40 விநாடி காத்திருக்கும், அதனால் ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் ரூட் டேபிளில் (ரூட்டர் வைத்திருக்கும் வழிகளின் பட்டியல்) பில்லிங் சர்வர் இருக்கும் நெட்வொர்க்குக்கு எந்த வரி ஆக்டிவ் என்று பாருங்கள். ஸ்டேட்டிக் என்றால் அதை நீக்கிவிடுங்கள்.

டனல் மறுமுனையின் பப்ளிக் முகவரிக்குப் போகும் ரூட்டை மட்டும் தொடாதீர்கள். அந்த முகவரிக்கான வழியை டனலுக்குள்ளிருந்தே ரூட்டர் கற்றுக்கொண்டால், டனல் விழுந்து விழுந்து எழும்.