தொட்டியில் வளர்க்கும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) வெளிறுகிறது, நண்டைத் தொடவில்லை: பதில்

இன்றைக்கே தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள். தின்னாமல் கிடக்கும் நண்டை எடுத்துவிடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும்.

புதுத் தொட்டியில் விட்ட நாலாம் நாளே வெளிறி, வேகமாக மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். நோய் என்று தோன்றவில்லை, கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா என்ற நஞ்சின் மேல்தான் சந்தேகம். ஃபில்டரில் அதைச் சிதைக்கும் பாக்டீரியா பிடிக்கவே ஒரு மாதம் போல ஆகும். பேய்க்கணவாயோ அதே அளவு மீனைவிட அதிகம் தின்று அதிகம் கழிக்கும்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, அது சிதைந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டும் 0 காட்ட வேண்டும். உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து அளப்பது) 1.025 பக்கம் இருக்கணும். மண்டபம் ஊர்க் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மொண்ட தண்ணீரா? அப்படியென்றால் உப்புக் குறைந்திருக்கலாம். மாற்று நீரையும் ஊற்றும் முன் அளந்துவிடுங்கள். கணவாய் இனத்துக்கு உப்புக் குறைவு ஆகவே ஆகாது.

கடைக்காரர் கொடுத்தார் என்று மீன் மருந்து எதையும் ஊற்றாதீர்கள். பலவற்றில் செம்பு இருக்கும், கொன்றுவிடும். மூடியையும் இறுக்குங்கள், தண்ணீர் பிடிக்காவிட்டால் இது ஏறி வெளியே வந்துவிடும்.

ஒன்று மட்டும்: பெண்ணாக இருந்து, கல்லிடுக்கில் முட்டையிட்டிருந்தால், தண்ணீர் எவ்வளவு சுத்தமானாலும் சாப்பிடாது. முட்டை பொரிக்கும் மட்டும் காத்துக் கிடந்து செத்துப்போகும். அதற்கு வைத்தியம் கிடையாது.